அத்தான் சொன்ன ஒரே பொய்

எங்கள் வீட்டு முன்கதவின் தாழ்ப்பாள் ஆணியோடு பெயர்ந்து என் காலடியில் வந்து விழுந்தது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கை, ஒடுங்கிய தெரு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வெளியே ஒழுங்கை நிறைய ஆட்கள். கிரிக்கெட் மட்டை, இரும்புக் குழாய், ஒருவனிடம் தேங்காய் உரிக்கிற அலவாங்கு. உள்ளே நான், அக்கா, அக்காவின் கணவரான அத்தான். பின்முற்றத்துக் கழிவறைக்குள் எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு மலையகத்து இளைஞன். சற்று முன்னர்தான், திறந்திருந்த கதவால் ஓடிவந்து அக்காவின் காலைக் கட்டிப்பிடித்தான். "நான் ஒன்னும் செய்யலீங்க, ரூம் தேடித்தான் வந்தேன்" என்றான். அவனுடைய ஒரு காது ஏற்கெனவே கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அவனை இழுத்துக்கொண்டுபோய்க் கழிவறைக்குள் தள்ளினாள். நான் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

ஒருகொடவத்தையில் கொள்கலன் இறக்கும் இடமொன்றில் அவனுக்கு வேலை என்பதும், வாடகைக்கு அறை பார்க்க வந்தவன் ஒழுங்கையில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியிடம் வழி கேட்டான் என்பதும் பிறகு தெரிய வந்தவை. அந்தக் கிழமை முழுக்க எல்லாருடைய தொலைபேசியிலும் பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிகிறார்கள் என்ற செய்திதான் சுற்றிக்கொண்டிருந்தது. அனுப்பியவன் யார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைப் பாசத்தில் ஊரே கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

அத்தானைப் பற்றிச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது. அவர் வெள்ளவத்தையில் பல்கலைக்கழக வெளிவாரி மாணவர்களுக்கு மெய்யியல் படிப்பித்தார். பொய் சொல்லமாட்டார். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அவரோடு ஒரு வீட்டில் இருந்து பார்த்தால்தான் அந்தத் தொல்லை விளங்கும். அக்காவைத் தேடித் தொலைபேசி எடுப்பவர்களிடம், "நிக்கிறா, ஆனா உங்களோட கதைக்க விருப்பமில்லையாம்" என்று சொல்லி வைத்துவிடுவார். இதனால் எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். பொய்யால் வரும் சுகம் பெரிதில்லையா என்று நான் சீண்டினால் ஒரு வகுப்பே எடுப்பார். முந்திய காலத்தில் எது சரி என்பதைக் கடவுளும் அரசனும் சொன்னார்கள். நவீன காலத்துத் தத்துவஞானிகள் அந்த அதிகாரத்தைப் பிடுங்கி மனிதனின் புத்தியிடம் கொடுத்தார்கள். நாட்டின் சட்டத்தால் கையைத்தான் கட்டமுடியும், மனத்தைக் கட்டமுடியாது. மனத்துக்குச் சட்டம் போடுகிறவன் அவனவன்தான். நினைத்ததைச் செய்வது சுதந்திரமில்லை, அது பசிக்கும் கோபத்துக்கும் அடிமையாக இருப்பது. தான் தனக்குப் போட்ட சட்டத்துக்குத் தானே கீழ்ப்படிகிறவன்தான் சுதந்திரன். இதுதான் அவர் கட்சி.

இந்தக் கட்சியை நிறுவிய ஜெர்மன்காரர் ஒருவர், கொலைகாரன் வாசலில் வந்து நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று எழுதிவைத்திருக்கிறாராம். நீ இல்லை என்கிறாய், அதற்குள் நண்பன் பின்பக்கத்தால் இறங்கிப்போய்க் கொலைகாரனிடமே மாட்டிக்கொண்டால் அந்தச் சாவுக்கு நீயும் பொறுப்பு. உண்மையைச் சொன்னவனுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. சாப்பாட்டு மேசையில் அத்தான் இதைச் சொன்னபோது, அந்த மனிசனுக்குப் பெண்சாதி இருக்கவில்லையா என்று அக்கா கேட்டாள். இருக்கவில்லை என்றார் அத்தான். அதுதானே பார்த்தேன் என்றாள்.

தாழ்ப்பாள் விழுந்ததும் அத்தான் மற்றக் கொண்டியைத் தானே எடுத்துவிட்டு வாசற்படியில் போய் நின்றார். முன்னால் நின்றவன் எதிர்க் கடைக்காரன். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் தந்தவன். "சேர், அவன் உள்ளுக்கு இருக்கானா இல்லியா?" என்றான். கூட்டம் ஒரு கணம் அடங்கிப்போய்க் கேட்டது.

"இருக்கிறான்" என்றார் அத்தான். "பொலிஸ் வரும்வரைக்கும் இங்கதான் இருப்பான். நான் தரமாட்டன்."

முதல் அடி வாயில் விழுந்தது. குழாயால் அடித்தவன் யாரென்று நான் பார்த்தேன், தன் மகனுக்கு வகுப்பில் இடம் கேட்டு இரண்டு தடவை வீட்டுக்கு வந்தவன். அத்தான் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்களில் அடித்தார்கள். விடவில்லை. தோளில் அடித்தபோது எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பல்லும் இரத்தமுமாகச் சட்டை நனைந்தது. அடித்த ஒவ்வொருவனும் தன் பிள்ளையைக் காப்பாற்றுவதாகவே நம்பினான். அந்த வாசலில் ஒழுக்கத்துக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, சட்டம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

அத்தான் முழங்காலில் சரிந்தபோது அலவாங்கோடு நின்றவன் அதை மேலே தூக்கினான். அப்போதுதான் அக்கா கத்தினாள். "ஐயோ, அவன் இங்க இல்லை. பின்மதிலாலே பாய்ஞ்சு ஓடிட்டான்!"

கூட்டம் அத்தானை அப்படியே விட்டுவிட்டுப் பின்சந்துக்கு ஓடியது. அக்கா அவரை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். தப்பிவிட்டோம் என்றுதான் இருவரும் நினைத்தோம். பிறகு பின்பக்கத்திலிருந்து அந்த இளைஞனின் குரல் வந்தது. முன்வாசலில் விழுந்த அடிகளைக் கேட்டுப் பயந்து, அவன் உண்மையாகவே மதிலேறிக் குதித்திருந்தான். சந்தில் அவர்கள் கையில் நேராகப் போய் விழுந்தான். கடைசியில் அவன் கத்தவில்லை, அடிக்கிற சத்தம் மட்டும் நின்றுநின்று கேட்டது. நான் மதிலால் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. முகம் இருந்த இடத்தில் முகம் இருக்கவில்லை. பொலிஸ் வந்தபோது பின்சந்தை யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கியிருந்தார்கள்.

வைத்தியசாலையில் தாடைக்குக் கம்பி கட்டியிருந்த அத்தானிடம், உங்கள் ஜெர்மன்காரர் வென்றுவிட்டார் என்று ஆத்திரத்தில் சொன்னேன். பேச வந்த பிறகு ஒருநாள் அத்தான், அந்த ஜெர்மன்காரர் சொன்னது சரியென்று சொல்லத் தனக்கு வெட்கமாக இருக்கிறது என்றார். அக்கா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான் அதையும் சொன்னார். அக்கா கத்தியிராவிட்டால் அவர் அன்றைக்கே செத்திருப்பார் என்பது அவருக்கும் தெரியும். அக்காவோ அந்த நாளிலிருந்து சோற்றைப் பிசைந்தபடி இருப்பாள், வாயில் வைக்கமாட்டாள்.

அடித்தவர்களின் பெயரை அத்தான் பொலிசில் சொன்னார். அதற்கு எங்கள் கூரைக்குக் கல் வந்தது. வழக்கு தவணை தவணையாகப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் வெள்ளவத்தைக்கு வீடு மாற இருந்த கிழமையில் அந்த இளைஞனின் தாய் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றபடியே கேட்டாள். "எம் மவன் பின்னால ஓடுனான்னு சொன்னது யாருங்க?"

அக்கா சமையலறை வாசலில் நின்றாள். அவள் வாய் திறந்தது. அதற்குள் அத்தான் எழுந்துபோய், "நான்தான் அம்மா" என்றார்.

அந்தத் தாய் தன் செருப்பை எடுத்து அவர் முகத்தில் அடித்தாள். தையல் போட்டு ஆறியிருந்த உதடு மறுபடி கிழிந்தது. திரும்பவும் அடித்தாள். அவர் கையைத் தூக்கவில்லை. அவள் களைத்துப் போகும்வரை நின்று வாங்கினார். எனக்குத் தெரிய அவர் சொன்ன ஒரே பொய் அது. நான் அன்றைக்கு அவரைக் கும்பிடவேண்டும்போல உணர்ந்தேன். தன் சட்டத்தைத் தானே உடைத்து மனைவியைக் காப்பாற்றிய மனிதர் என்று பலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அக்கா அப்படி நினைக்கவில்லை. அவரோடு முகம் கொடுத்துக் கதைப்பதையே குறைத்துக்கொண்டாள். "அது எனக்கு விழவேண்டிய அடி. அதை வாங்கிக்கொண்டுபோக இவர் ஆர்?" என்று ஒருதரம் என்னிடம் சொன்னாள். அவர் போன வருடம் மாரடைப்பில் போகும்வரை அந்தக் கோபம் ஆறவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு, அந்தத் தாய் எங்கே என்று விசாரிக்கச் சொன்னாள். இளைய மகளோடு ஹெந்தளையில் இருக்கிறாள் என்று தெரிந்தது. இருவரும் பஸ்ஸில் போனோம்.

அந்தத் தாய் மெலிந்துபோயிருந்தாள். எங்களை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அக்கா உட்காரவில்லை. அன்றைக்கு அந்தத் தாய் நின்றதுபோல் வாசலிலேயே நின்று, சொன்னது நான்தான் என்றாள்.

"அன்னைக்கே தெரியும்ங்க" என்றாள் அந்தத் தாய். "பொம்பளக் கொரலுன்னு பொலிசுலயே சொன்னாங்க. சொன்னவங்க வாயால கேக்கணும்னுதான் வந்தேன். அய்யா பொய் சொன்னாரு. அதுக்குத்தான் அடிச்சேன்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தாய் அவளுடைய கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க வெளிய வந்திருந்தா நான் அடிச்சிருக்க மாட்டேன்ம்மா. ரெண்டு பேரும் ஒக்காந்து அழுதிருப்போம்."