கிடாவெட்டு நாளில் ஓட்டுப் போட்டோம்

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்த காலனிக்கு ஒரு சங்கம் இருந்தது. வீட்டுக்கு ஓர் ஓட்டு. அதையும் ஆண்தான் போட வேண்டும். சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடும் நான், எங்கள் தெருக் குழாய்க்குப் போட முடியாது. கூட்டத்துக்கு போண்டா சுட்டுக் கொடுப்பதும் டம்ளர் கழுவுவதும்தான் பெண்களுக்கு இருந்த உரிமை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் காலனி வாசலில் அலங்கார வளைவு கட்ட ஆண்கள் ஆசைப்பட்டார்கள். எங்களுக்கு வேண்டியது தண்ணீர்த் தொட்டி. வளைவுக்கு அடியில் நடந்தால் இடுப்புக் குடம் கனக்காது என்று நினைத்தார்கள் போல.

தீர்மானம் போடும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, தொண்டாமுத்தூரில் என் தம்பி தோட்டத்தில் கிடாவெட்டு வைக்கச் செய்தேன். யானை இந்த முறை அவன் வாழையை விட்டுவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனதற்கு வேண்டுதல் என்று காரணமும் நானே சொல்லிக்கொடுத்தேன். காலையிலேயே ஆண்களை ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்டது.

"ஏனுங்க, கூட்டம் இருக்குதுங்களே?" என்று என் வீட்டுக்காரரிடம் அக்கறையாகக் கேட்டேன்.

"அது கெடக்குது அம்மணி, கறி ஆறிப்போயிரும்," என்று ஏறிக்கொண்டார்.

பிள்ளையார் கோவில் முன்னால் போட்டிருந்த நாற்காலிகளில் நாங்கள் போய் உட்கார்ந்தோம். அப்போது சங்கத் தலைவர் வந்து நின்றார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், சுத்த சைவம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் இருந்த அவர் மனைவியிடம், "ஏனுங்கக்கா, இதை முன்னமே சொல்லலீங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"கை தூக்கினா எண்றதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல கண்ணு?" என்றார் அந்த அக்கா.

"பொம்பளைங்களுக்கு இங்க ஓட்டில்லீங்க. எந்திரிங்க," என்றார் தலைவர்.

"எந்திரிக்க மாட்டோமுங்க," என்றேன். ஒருவரும் அசையவில்லை.

அவர் முகம் சிவந்துவிட்டது. "அப்ப ஓட்டுள்ளவன் நான் ஒருத்தன்தானுங்க. வளைவுக்கு ஆதரவு, ஒன்னு," என்று தன் கையைத் தானே தூக்கிக்கொண்டார். பிறகு பழக்கதோஷத்தில், "எதிர்ப்பு?" என்றும் கேட்டுவிட்டார்.

அத்தனை கைகளும் மேலே போயின. பாவம், காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். தன்னையறியாமல் விரல் நீட்டி எண்ணத் தொடங்கிவிட்டார். என் கையைப் பார்த்து "பதினொன்னு" என்றவர், அடுத்து உயர்ந்திருந்த தம் மனைவியின் கையைக் கண்டதும் நின்றுபோனார்.

"நம்ம ஊட்டு ஓட்டு நான் போட்டாச்சே," என்றார்.

அக்கா கையை இறக்கவில்லை. "அது உங்க ஓட்டுங்க. இது என்ற ஓட்டு. எண்ணுங்க."

தலைவர் கோவில் பக்கம் பார்த்தார், ஆளில்லாத தெருவைப் பார்த்தார். கடைசியில் அக்காவைப் பார்த்து, "பன்னண்டு," என்றார்.

அதன் பிறகுதான் அக்கா கையை இறக்கினார்.