பரணடியில் முருங்கைக்காய்ச் சக்கை

அரியரட்ணம் யாரையும் எளிதில் நம்புகிற மனிதர் அல்லர். காரை சர்வீசுக்கு விட்டு எடுத்தால், எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று முதலில் பார்ப்பார். கோயிலில் ஒரு செருப்பை ஒரு மூலையிலும் மற்றதை எதிர் மூலையிலும் கழற்றி வைப்பார். புலம்பெயர்ந்து ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு வந்து தலை நரைத்துவிட்டது. இவ்வளவு காலத்தில் அவர் நெஞ்சார நம்பியது இரண்டே பேரை. மனைவி பத்மராணி, வில்வேட்டைக் கூட்டாளி மதன்.

மதனை நம்பாமல் எப்படி? போன சீசனில், மானுக்காகக் காத்திருக்கும் மரத்துப் பரணிலிருந்து விழுந்து அவருடைய கால் முறிந்தபோது, தோளில் தூக்கிக்கொண்டு காட்டைக் கடந்தவன் அவன்தானே.

கால் தேறியதும் இந்த வருடத்து ஆயத்தம் தொடங்கியது. வீட்டுப் பின்வளவில் பஞ்சு இலக்கில் அம்பெய்து பழகினார். வேட்டை உடுப்பை மணமில்லாத சோப்பில் தோய்த்து, தாளித வாசம் பிடிக்காதபடி கராஜில் பெட்டிக்குள் பூட்டினார். மனித வாடை பட்டால் மான் அந்தப் பக்கமே வராது. அவர்கள் வேட்டையாடும் காடு பண்ணைக்காரர் ஒருவருடையது. அவர் அனுமதித்தது இவர்கள் இருவரை மட்டும். பெரிய கொம்பன் மான் ஒன்று மரப்பட்டையை உரசிய அடையாளத்தை அரியரட்ணம் கண்டுபிடித்தார். தன் பரணுக்கு நேர் கீழே அதன் தடம்!

ஆனால் ஆகஸ்ட் முடிவதற்குள் தடம் காய்ந்தது. புதுப் புழுக்கையும் இல்லை, குளம்படியும் இல்லை. குனிந்து தேடியவர் கையில் அகப்பட்டது, மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை.

இந்தக் காட்டுக்குள் வர அனுமதி உள்ள மற்றவன் மதன் மட்டும்தான்.

பக்கத்து ஊரான ஐசலினில், மளிகைக்கடை வாசலில் மதனை மறித்தார்.

"கொம்பன் உமக்கு வேணுமெண்டா வாயைத் திறந்து கேட்டிருக்கலாம், தம்பி. என்ர பரணடியில இருந்து சாப்பிட்டு, வாடையைப் பரப்பி, உம்மட பக்கம் கலைக்கிறீர் என்ன?"

"அண்ணா, ஜோக் பண்றீங்களா? வேற யாராவது வந்திருப்பாங்க."

"முருங்கைக்காய் சப்பிற வெள்ளைக்காரனை எனக்கு ஒருக்காக் காட்டும் பாப்பம்!"

மதனின் முகம் செத்துப்போனது. "உங்களைத் தூக்கிட்டு நடந்த தோள் இது. நம்பலைன்னா விடுங்க. இனி எனக்குக் கால் பண்ணாதீங்க." வாங்கிய மளிகைப் பையைக்கூட எடுக்காமல் காரில் ஏறிப்போனான்.

கோபப்படுகிறவன்தான் குற்றவாளி என்று அரியரட்ணம் முடிவு கட்டினார். கையும் களவுமாகப் பிடித்தே தீருவது! மறுநாள் லீவு போட்டார். வழக்கம்போல வேலைக்குப் புறப்படுகிறவர் மாதிரிக் கிளம்பி, பரணுக்கு எதிரே ஒரு புதருக்குள் ஒளிந்துகொண்டார்.

மத்தியானம் சருகு நொறுங்கியது. வந்தது மதன் இல்லை.

தலை நிறையத் தேங்காயெண்ணெயும் கையில் சாப்பாட்டுப் பெட்டியுமாகப் பத்மராணி வந்தாள். பரணடியில் உட்கார்ந்து ஆறுதலாகச் சாப்பிட்டாள். பிறகு தைலப் போத்தலைத் திறந்து, ஏணியின் ஒவ்வொரு படியிலும் தேய்க்கத் தொடங்கினாள்.

"பத்மா! நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?"

அவள் திடுக்கிட்டாள். போத்தலை மட்டும் விடவில்லை.

"ஏற வேண்டாமெண்டு எத்தினை தரம் அழுதனான்? கேட்டியளே? மான் வராட்டி நீங்களும் ஏறமாட்டியள். கால் முறிஞ்ச மனுசனுக்குப் பக்கத்தில ஆஸ்பத்திரியில இருந்தது நீங்களா, நானா?" போத்தலை மூடினாள். "இன்னொருக்கா அந்தக் கதிரையில இருக்க என்னால ஏலாது."

அரியரட்ணத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் மதனை... பாவம், அவனை அல்லோ பழி சொல்லிப்போட்டன்."

"ஐயோ! அந்தப் பிள்ளையையா? வாங்கோ, இப்பவே போவம்."

மாலையில் மதன் வீட்டுக் கதவைத் தட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிக் கைகூப்பினார். மதன் சிரிக்கவில்லை. பத்மராணியைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான்.

"சனிக்கிழமை வந்து பரணை நான் இறக்கறேன். நீங்க ஏணியில கால் வைக்கக் கூடாது. இந்த சீசன் தரையில உக்காந்துதான். சரின்னா உள்ள வாங்க."

'இரண்டு பேரும் முன்னமே பேசி வைத்துக்கொண்டார்களோ?' என்றொரு கேள்வி அரியரட்ணத்தின் நாக்கு நுனிவரை வந்தது.

அதை விழுங்கிவிட்டு, இரண்டு சப்பாத்துகளையும் வாசலில் ஒன்றாகவே கழற்றி வைத்தார்.