சாம்பிளாகக் கப்பல் ஏறிய புஷ்

எரிந்த கியர் ஆயிலும் ஈரமான படாக் மரத்தூளும் கலந்த வாடை... டாலிகஞ்சில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த மரக் காண்ட்ராக்டரின் ஷெட் முழுக்க அதுதான். எழுபதுகளின் கடைசி. மெட்ராஸில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்திருந்தேன்.

நேற்று நம் குரூப்பில் அந்தக் காண்ட்ராக்டரின் படத்தை மாலையோடு போட்டிருந்தீர்கள். "ஏழைத் தொழிலாளிகளின் தோழர்" என்று. கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இனிப்பான நினைவுகள் வேண்டுமென்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஷெட்டில் ஒரு பழைய அமெரிக்க மிலிட்டரி லாரி இருந்தது. கல்கத்தாவில் டிஸ்போசல் ஏலத்தில் எடுத்தது. கிளச்சே கிடையாது, ஆட்டோமேட்டிக் கியர். தீவிலேயே தன்னிடம்தான் அப்படி ஒன்று இருக்கிறது என்று காண்ட்ராக்டருக்குப் பெருமை. ஓட்டியவர் மாடசாமி அண்ணன், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்.

உப்புக்காற்றில் ஹேண்ட்பிரேக் கேபிள் எந்த வண்டியிலும் நிலைக்காது. சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டு என்ஜினை அணைப்பதுதான் அன்று எல்லா டிரைவர்களுக்கும் பழக்கம். இந்த லாரியில் லீவரை R-க்கு, அதாவது ரிவர்ஸுக்கு, தள்ளி அணைத்தால் கியர்பாக்ஸ் பூட்டிக்கொள்ளும்.

"தம்பி, மேல R-னு காட்டுது, வண்டி என்னமோ நியூட்ரல்ல கெடக்கு. ஒரு நா இல்லாட்டி ஒரு நா உருளப் போவுது பாத்துக்கோ" என்றார் மாடசாமி அண்ணன்.

அவரிடம் லீவரை அசைக்கச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தேன். மேலே லீவர் ஓர் அங்குலம் நகர்ந்த பிறகுதான் கீழே கியர்பாக்ஸின் கை அசையவே தொடங்கியது. கியர்பாக்ஸில் கோளாறு இல்லை. இரண்டையும் இணைக்கும் கம்பியின் முனையில் இருந்த புஷ் என்ற பித்தளை வளையம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. கட்டைவிரல் அளவுச் சாமான்.

காண்ட்ராக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"வந்துட்டாருய்யா டிப்ளமோ! கப்பல் வரட்டும், பாக்கலாம். அதுவரைக்கும் வண்டி என்ன சும்மா நிக்கவா?"

நிற்கவில்லை. அடுத்த வாரமே, புரோத்ராபூர் சரிவில் மர லோடோடு உருண்டது. மாடசாமி அண்ணன் R-இல் போட்டு அணைத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். கீழே ஒரு பெங்காலிக்காரரின் டீக்கடையை இடித்து நின்றது. கடைக்காரருக்கு இரண்டு காலும் முறிந்தது. டிரைவர் நியூட்ரலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனான் என்று ஊரெல்லாம் பேச்சு.

லாரியை ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். விபத்தை விசாரிக்கும் அதிகாரி வந்து பார்க்கும்வரை யாரும் தொடக் கூடாது என்றேன். அன்றுதான் காண்ட்ராக்டர் என்னை முதல்தடவையாகத் தம்பி என்று கூப்பிட்டார்.

"தம்பி, ஆபீசர் வர்றப்ப வண்டி ஓடுற நெலமையில இருக்கணுமாம். ரிப்பேர் பண்ணிடு. மாடசாமிக்காக நானே பேசுறேன். அந்தப் பழைய புஷ்ஷ எங்கிட்ட குடு, கப்பல் கெளம்பப் போவுது."

"அத ஆபீசர்கிட்ட காட்டணும் சார்."

"சாம்பிள் போகாம மெட்ராஸ்ல எவன் புதுசு குடுப்பான்? நீயே சொல்லு."

அன்று தீவுக்கு எந்த ஸ்பேரும் அப்படித்தான் வந்தது. தேய்ந்ததைக் கப்பலில் அனுப்ப வேண்டும். அதே அளவில் புதிதை வாங்கி, இரண்டையும் சேர்த்துக் கட்டித் திருப்பி அனுப்புவார்கள். கொடுத்தேன்.

படாக் மரத்தில் ஒரு புஷ் கடைந்து, எண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன். கியர்பாக்ஸின் கையை R-இல் 'டக்' என்று விழவைத்து, லீவரையும் R-இல் நிறுத்தி, இணைப்பு ஊசி புஷ்ஷின் துளையில் தானாக இறங்கும்வரை கம்பியின் நீளத்தைத் திருகித் திருகிச் சரிசெய்தேன். அற்புதமான வேலை. அந்த வேலையை வைத்தே ஒரு மனுஷனை முடித்தார்கள்.

அதிகாரி ஏறி R-இல் போட்டு அணைத்தார். எட்டுப் பேர் தள்ளினார்கள். லாரி அசையவில்லை.

"தேக்கியே சாப், காடி ஏக்தம் டீக் ஹை. டிரைவர் கா கல்தி" என்றார் காண்ட்ராக்டர், தலையைக் குனிந்துகொண்டு. வண்டியில் குறையே இல்லையாம், தப்பு டிரைவருடையதாம். பேசுகிறேன் என்றாரே, பேசிவிட்டார்.

பழைய புஷ் தேய்ந்திருந்தது, நான்தான் மாற்றினேன் என்றேன்.

"கஹான் ஹை? திகாவ்" என்று, எங்கே காட்டு என்பதுபோல் கையை நீட்டினார் அதிகாரி.

எதைக் காட்டுவது? அது நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தது. ஷெட்டில் நின்ற அத்தனை பேரும் அந்தப் புஷ்ஷைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

மாடசாமி அண்ணனின் லைசென்ஸ் போயிற்று. ஊருக்குத் திரும்ப அடுத்த கப்பலுக்கு டிக்கெட் எடுத்தார். கப்பல் துறை ஜெட்டியில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, "இந்தக் கப்பலுக்காவது R ஒழுங்கா விழுமா தம்பி? கேட்டுச் சொல்லு" என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கப்பல் போன மறுநாள் காண்ட்ராக்டர் ஒரு பொட்டலத்தை என் மேசையில் போட்டார். புது புஷ், அதோடு சணலில் கட்டிய பழையது. அண்ணன் ஏறிப் போன அதே கப்பலில்தான் மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறது. கப்பல் துறைமுகத்தில் நின்ற நாளெல்லாம் அது அவருடைய அறையில் இருந்திருக்கிறது.

"இத முன்னாடியே குடுத்திருந்தா..."

"யாருக்கு? ஆள்தான் போய்ட்டானே. போய் மாட்டுற வேலையப் பாரு."

அந்த மாதத்தோடு அங்கிருந்து விலகினேன். மாடசாமி அண்ணன் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது.

இப்போது பத்துபஸ்தியில் என் தெருவிலேயே வீட்டுக்கு வீடு ஆட்டோமேட்டிக் கார். P என்று விளக்கு எரிந்ததும் நம்பி இறங்கிப் போகிறார்கள். நான் மட்டும் டயருக்குக் கல் வைக்கிறேன். "மாமா, இது அந்தக் காலத்து லாரி இல்ல" என்று மருமகன் கிண்டல் செய்கிறான். செய்யட்டும்.

பழைய புஷ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இன்று காலை அதைப் படமெடுத்து, குரூப்பில் அந்த மாலைப் படத்துக்குக் கீழே போட்டேன். அன்று ஷெட்டில் நின்றவர்களில் சிலர் இங்கே இருக்கிறீர்கள். எல்லோரும் பார்த்துவிட்டதாக நீல டிக் காட்டுகிறது...

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் இப்படித்தான் நின்றீர்கள்.