ஜெசிந்தாவின் மஞ்சள் துண்டு

பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையூரணி மளிகைக்கடை அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், ஜெசிந்தா டீச்சர் காலைல தவறிட்டாங்களாம். நெஞ்சுவலியாம். அடக்கம் மணப்பாட்டுலயா, இங்கனயான்னு செல்வி கேக்கச் சொல்லுதா." செல்வி அண்ணாச்சியின் மகள், பிறவியிலேயே காது கேளாதவள். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, பாதியில் நின்ற கோட்டைப் போட்டு முடித்தேன். அழுகை வரவில்லை. எனக்கு எதுவுமே உடனே உறைப்பதில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் ஜெசிந்தாவை மைதானத்தில் பார்த்திருப்பீர்கள். நான் அவளை முதலில் வகுப்பறையில் பார்த்தேன். சமூக விளையாட்டுப் பயிற்சியாளர் படிப்பில் சேர்ந்த பெண்கள் நாங்கள் இருவர்தான். இருவருக்கும் முப்பது தாண்டியிருந்தது. எழுத்துத் தேர்வில், விளையாட்டில் பன்முகத்தன்மையின் பயன் பற்றி ஒரு கேள்வி. மூன்று பக்கம் எழுதி வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினேன். அரைப் பக்கம் எழுதியிருந்த ஜெசிந்தா, "மூணு பக்கத்துக்கு அப்படி என்னளா எழுதுன?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

செய்முறைத் தேர்வில், பெண்பிள்ளைகளின் கால்பந்து அணி ஒன்றை நாங்கள் ஒவ்வொருவராகப் பழக்கிக் காட்ட வேண்டும். மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்த அணி. செல்விக்கு அப்போது பதின்மூன்று வயது, நல்ல வேகம். என் முறை வந்தது. விசில் ஊதினேன். எல்லோரும் நின்றார்கள், செல்வி மட்டும் பந்தோடு போய்க்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து, கோல் எண்ணிக்கையைப் பலகையில் எழுதும் வேலையைக் கொடுத்து ஓரத்தில் உட்கார வைத்தேன். தேர்வாளர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் ஜெசிந்தா கேட்டாள்: "ஏளா, அவ விளையாட வந்தாளா, எண்ண வந்தாளா?"

அடுத்து அவள் முறை. செல்வியைக் கூப்பிட்டு வலப்பக்கம் நிறுத்தினாள். பையிலிருந்து மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்தாள். "துண்டு மேல ஏறிச்சுன்னா எல்லாரும் நிக்கணும். பாக்காம ஓடுனா பந்து அடுத்த டீமுக்கு" என்றாள். கையாலும் அதையே செல்விக்குச் செய்து காட்டினாள். முதல் பத்து நிமிடம் ஒரே குழப்பம். அதன்பின், பந்தையே பார்த்து ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் தலையை நிமிர்த்தத் தொடங்கினார்கள். நிமிர்ந்தபோது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரிந்தது. செல்விக்குப் பந்து வந்தது.

தேர்வாளர் குறுக்கிட்டார். "விசில் எங்கம்மா? மார்க் ஷீட்ல அதுக்குன்னு தனி கட்டம் இருக்கு. ஒரு தடவை ஊதிக் காட்டுங்க, போதும்."

"ஊதுனா பத்து பேரு நிப்பாளுவ, இவ ஓடுவா. அவளுவ சிரிப்பாளுவ சார். எங்க அப்பா வள்ளத்துல நிக்கும்போது கரையில இருந்து நாங்க துண்டைத்தான் வீசுவோம். கடக்கரையில கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்?"

அவர் பிடிவாதமாக நின்றார். ஜெசிந்தா ஊதவில்லை. செய்முறைத் தேர்வில் தோற்றாள். ஒரு பள்ளியில் பெண் பயிற்சியாளர் வேலை காலியாக இருந்தது. அந்த ஆண்டே சான்றிதழ் காட்ட வேண்டும். எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் அந்த வேலை என்பது வகுப்புக்கே தெரியும். அவளுக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசாமல் காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. வேலை எனக்குக் கிடைத்தது.

ஆறு மாதம் கழித்து அவள் மறுபடி செய்முறைத் தேர்வுக்குப் போய்த் தேறினாள். துண்டு என்னவாயிற்று என்று கேட்டேன். "இந்தத் தடவ வந்த பிள்ளைய எல்லாருக்கும் காது கேக்கும். பேசாம ஊதிட்டேன்" என்றாள். பிறகு மாலை நேரங்களில் மாப்பிள்ளையூரணியில் பெண்பிள்ளைகளைப் பழக்கினாள். என் வேலையைப் பற்றி ஒரு நாளும் குத்திப் பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடக்கம் அவள் சொந்த ஊரான மணப்பாட்டில்தான். கல்லறைத் தோட்டத்தில் காற்று பலமாக இருந்தது. மண் போட வரும்படி பங்குச் சாமியார் அழைத்தார். செல்வி ஓரமாக நின்று, என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கைக்குட்டையை எடுத்து உயர்த்தினேன். செல்வி பார்த்தாள். கூட்டத்தில் அங்கங்கே நின்ற பழைய அணிப் பெண்களும், இடுப்பில் குழந்தையோடு இருந்த ஒருத்தி உட்பட, அப்படியே நின்று என் கையைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மஞ்சள் துண்டை ஜெசிந்தாவின் வீட்டில் செல்வி கேட்டு வாங்கிக்கொண்டாள். அதுதான் நியாயம். ஜெசிந்தாவுக்கு வந்திருக்க வேண்டிய வேலையில் நான் இன்னும் இருக்கிறேன். விசில் கழுத்தில் தொங்குகிறது. அடக்கத்துக்கு மறுநாளிலிருந்து, ஊதுவதற்கு முன் கையை உயர்த்துகிறேன். கடைசிப் பிள்ளையும் என்னைப் பார்க்கும்வரை இறக்குவதில்லை. பார்த்து முடிக்கும்போது எல்லோரும் நின்றிருக்கிறார்கள்; பல நாள் ஊதாமலே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.