பயந்தாங்கொள்ளியின் வட்டி

தண்டர் பே ஊரில் ரெய்னோவைப் போலப் பயந்த மனிதர் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. நகராட்சிக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டியவர்; இத்தனை குளிர்காலத்தில் ஒரு தபால் பெட்டியைக்கூட உரசியதில்லை. ஏரி உறைந்தால் ஊரே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடும். இவர் மட்டும் கரையில் நின்று, நாலு பேர் போய்த் திரும்புவதைப் பார்த்துவிட்டு, அப்புறமும் ஒரு துளை போட்டுக் கனம் பார்த்துத்தான் காலை வைப்பார். மனைவி மிர்யா அவரைப் பயந்தாங்கொள்ளி என்றே கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் செல்லமாக ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

அப்பேர்ப்பட்ட ஆள்தான் வீட்டுக்கடனில் அந்தக் காரியத்தைச் செய்தார்.

அங்கே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கடனைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வசந்தத்தில் இவர்கள் முறை வந்தபோது வட்டி ஏற ஆரம்பித்திருந்தது. கடன் தரகர் டார்சி, அவர்கள் தெருவிலேயே வளர்ந்த பெண், ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: ஐந்து வருடத்துக்கும் ஒரே வட்டி என்று பூட்டிவிடுங்கள்; மாறும் வட்டி இன்றைக்கு மலிவாகத் தெரியும், நாளைக்குக் கழுத்தைப் பிடிக்கும். மிர்யா பேனாவையே எடுத்துவிட்டாள்.

"மாறும் வட்டியே இருக்கட்டும்" என்றார் ரெய்னோ.

மிர்யாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கெஞ்சினாள், திட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு விறுவிறுவென்று போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். மனிதர் வெளியே வரவே காணோம். இரண்டு முறை ஹாரன் அடித்தாள். வந்தவர் முகத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் வட்டி ஏறியது பாருங்கள், மூச்சுவிட நேரம் கொடுக்காமல் ஏறியது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தவணையும் கூடவே ஏறியது. பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த மிர்யா, விடியற்காலையில் ஒரு ரொட்டிக் கடையில் ஏலக்காய் ரொட்டிக்கு மாவைச் சடைபோலப் பின்னவும் போனாள். வீட்டுக்கு வந்ததும் வாய் சும்மா இருக்குமா?

"ஆயுசு பூரா ஐஸுக்குப் பயந்தே. விழறதுக்கு உனக்கு இந்த ஓட்டைதான் கிடைச்சுதா?"

"எறங்கும், பொறு" என்பார். அவ்வளவுதான். இருமலோடு எழுந்து போய்விடுவார். கீழ்த்தளத்தில் தன் கையாலேயே கட்டிய நீராவிக் குளியலறைக்குப் போவதையும் அந்த வருடம் நிறுத்திவிட்டார், சூடு ஒத்துக்கொள்ளவில்லையாம். "அதுக்குமா பயம்?" என்று சிரித்தாள் மிர்யா. பாவி, சிரித்தாள்.

அடுத்த வருடம் குளிர்காலம் தொடங்கியபோது ரெய்னோ போய்விட்டார். நுரையீரல் சுருங்கிப்போகிற வியாதி. கடன் புதுப்பிப்பதற்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே அவருக்குத் தெரியும் என்று மருத்துவர் சொன்னபோது, இதையும் பயத்தில்தான் மறைத்திருக்கிறார் என்று மிர்யா நினைத்துக்கொண்டாள். வயிறெரிந்தது அவளுக்கு.

ஒற்றைச் சம்பளத்தில் வீட்டை வைத்துக்கொள்ள வழியில்லை. விற்றுவிடலாம் என்று டார்சியிடம் போனாள். நடுவில் கடனை முடித்தால் அபராதம் எவ்வளவு தீட்டுவார்களோ என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனாள்.

மூன்று மாத வட்டிதான் என்றாள் டார்சி. பிறகு கோப்பை மூடி ஓரமாக வைத்தாள்.

"அன்னிக்கு நீங்க கார்ல போய் உக்காந்தப்புறம், ஏன் ரெய்னோ இப்படின்னு கேட்டேன் மிர்யா. மாறும் வட்டின்னா அபராதம் கொஞ்சந்தான், பூட்டினதை நடுவுல உடைச்சா எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாதுல்ல, அதை விசாரிச்சு வச்சிருந்தார். 'அவ தனியா வந்து விப்பா டார்சி. அப்ப அவளை யாரும் உரிச்சிடக் கூடாது'ன்னார். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு கையைப் பிடிச்சுக்கிட்டார்."

பூட்டியிருந்தால் இப்போது அபராதம் எவ்வளவு வந்திருக்கும் என்று கேட்டாள் மிர்யா.

டார்சிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அதுவும் இதே மூணு மாசம்தான். வட்டி எறங்கியிருந்தாத்தான் பெரிசா வந்திருக்கும். ஏறிடுச்சே."

ஆக அவர் பார்த்துப் பார்த்துப் போட்ட கணக்கு அத்தனையும் வீண். அவள் விடியலில் பின்னிய ரொட்டிகளும் வீண். ஆனால் மிர்யாவுக்குப் பணம் நினைவுக்கே வரவில்லை. ஒன்றரை வருடம் அவரைப் பேசிய பேச்சுதான் ஒவ்வொன்றாக வந்து நின்றது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயடைத்துப் போயிருப்பாளே. சொன்னால் அழுவாள் என்று அதற்கும் பயந்திருப்பார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்த அதே இடம். அங்கிருந்து பார்த்தால் டார்சியின் ஜன்னல் தெரியும். உள்ளே நின்று அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் இவள் இங்கே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.