என் காருக்கு மூக்கு வைத்த கலியபெருமாள்

குடவாசல் பைப்பு கடை கலியபெருமாள் இன்னைக்குக் காலையில போயிட்டான்.

ஷட்டரைப் பாதி தூக்கினவன் அப்படியே உட்கார்ந்துட்டானாம். நெஞ்சு. என் வயசுதான், அம்பத்தெட்டு.

எனக்கு அழுகை வரல. எரிச்சல்தான் வருது.

அவனைத் தெரியாதவங்களுக்கு... சோழ மண்டலத்தில் இன்று ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்செட்டுகளில் பாதி அவன் கைபட்டு ஓடுபவை. மீதிப் பாதி அவன் கைபட்டதால நின்னு போனவை.

போன வருஷம் நான் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன்ல? சிவப்பு, ரெண்டே கதவு. நாப்பது தடவை போட்டோ போட்டு உங்க உயிரை எடுத்தேனே, அதேதான். திருவாரூர் தேருக்கு அடுத்தபடியா டெல்டாவுல ஜனம் கூடிப் பார்த்த வண்டி.

வந்த மறுநாளே கலியன் பானெட்டைத் தூக்கிப் பார்த்துட்டுத் தலையில கை வச்சுக்கிட்டான்.

"மச்சான், இது இஞ்சின் சூட்டுக் காத்தையே திரும்ப இழுக்குது. வண்டிக்கு மூச்சு முட்டுதுடா. வெளியிலேர்ந்து குளுந்த காத்து குடுத்தா பறக்கும்."

சொல்லிட்டு டீக்கடைக்கு மூணு படி ஏறினான். ஏறி, அங்கேயே உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் இளைச்சான்.

"முதல்ல உனக்கு முட்டறதைப் பாருடா"ன்னேன்.

"நமக்கென்ன... இது தயிர் சாத உடம்பு, ஒண்ணும் ஆவாது."

கோல்டு ஏர் இன்டேக்னு ரெடிமேடா விக்கிறானேடா, வாங்கிக்கலாம்னேன். சபையில செருப்பை வீசின மாதிரி என்னைப் பார்த்தான். "பைப்பு கடைக்காரன் உயிரோட இருக்கிறப்ப பைப்பை ஆன்லைன்ல வாங்குவியா நீ?"

மூணு மாசம்! கல்லணையைக் கூட இதைவிடச் சீக்கிரம் கட்டியிருப்பாங்க.

முதல்ல போட்ட பிவிசி பைப்பு இஞ்சின் சூட்டுல இளகி அப்பளமா மடங்கிச்சு. ரெண்டாவது, பானெட்டை மூடவே விடல. மூணாவதா எங்கேயோ அலுமினியக் குழாய் பிடிச்சுட்டு வந்தான். அதை வளைச்சு இறக்கி, முன்பம்பருக்கு அடியில, தரையிலேர்ந்து ஒரு சாண் உயரத்துல வாயை வச்சான். அந்த வாய்க்கு, ஆத்துல இறக்குற மோட்டார் பைப்புக்குப் போடற சல்லடை.

இது எதுக்குடான்னேன்.

"தண்ணி இழுத்தா என்ன, காத்து இழுத்தா என்ன, சக்‌ஷன் சக்‌ஷன்தான் மச்சான். தவளை போகாது. கேரண்டி."

உலக மோட்டார் சரித்திரத்தில் தவளைக்குப் பயந்து கட்டப்பட்ட ஒரே ஸ்போர்ட்ஸ் கார் அடியேனுடையது.

ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி பைப்பு வாய்க்கு நேரா பிடிச்சான். புகை சர்ருன்னு உள்ளே போச்சு. குருக்கள்கூட அவ்வளவு பக்தியா தீபாராதனை காட்டி நான் பார்த்ததில்ல.

அந்த வாரம்தான் அவன் சம்சாரம் சாந்தி எனக்கு போன் பண்ணிச்சு. "அண்ணே, தஞ்சாவூர்ல ஹார்ட் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன். நான் கூப்பிட்டா வரமாட்டாரு. டெஸ்ட் டிரைவுன்னு சொல்லி நீங்க ஏத்திக்கிட்டுப் போயிடுங்க."

நானும் பெரிய ராஜதந்திரி மாதிரி அவனை ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். கொஞ்ச தூரம் போனதும், "மச்சான், மெயின் ரோடு பூரா லாரி. உள்ரோட்டுல திருப்பு, ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துடலாம்"னான்.

திருப்பினேன். முட்டாள்.

தை அறுவடை. கண்ணுக்கு எட்டின வரைக்கும் ரோட்டுல நெல்லு காயுது. எங்க பக்கம் நெல்லு மேல வண்டி ஓட்டுறது குத்தமில்ல, ஏறித்தான் எல்லாரும் போவோம். ஆனா அதுவரைக்கும் எந்த வண்டியும் குனிஞ்சு சாப்பிட்டதில்ல.

நடுவுல போறப்ப கார் இருமிச்சு. செருமிச்சு. நின்னுடுச்சு. தவளைக்குப் போட்ட சல்லடை நெல்லை என்ன செய்யும்? உள்ளே ஃபில்டரைச் சுத்தி ஒரே பதர், தூசி.

நெல்லு காயப்போட்ட அம்மா, தள்ளுற பலகையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க. "ஏன் பைப்பு கடைக்காரரே, மேல ஓட்டிட்டுப் போனா பரவால்ல... உறிஞ்சிக்கிட்டுல்ல போறீங்க!"

கலியன் நெல்லுலயே மல்லாந்து படுத்து, பைப்பைக் கழட்டி, அவங்க முந்தானையில கொட்டினான். கொட்டிக்கிட்டே சிரிக்கிறான், படுபாவி.

வண்டி கிளம்ப மூணு மணி நேரம். டோக்கன் போச்சு. டாக்டர் பேச்சை நான் எடுக்கவே இல்ல, அவனே சொல்றான்:

"டாக்டர் எங்க ஓடிடப் போறாரு? பைப்பு வளையற இடத்துப் பெண்டை மாத்திட்டு அடுத்த வாரம் போவோம். சாந்திகிட்ட எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிடு."

சொன்னேன். ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுற நான், அந்தப் பொண்ணு முகத்துக்கு நேரா நின்னு, "டாக்டர் நல்லா இருக்குன்னுட்டாரும்மா"ன்னு சொன்னேன்.

அடுத்த வாரம் பெண்டு. அதுக்கடுத்த வாரம் கிளிப்பு. இன்னைக்கு இது.

ஒண்ணுதான் மண்டையைக் குடையுது. அந்த ரோட்டுல இருக்கிற அத்தனை வயலுக்கும் பைப்பு போட்டவன் அவன். தை மாசம் அங்க நெல்லு காயும்னு தெரியாதா? தெரிஞ்சேதான் திருப்பச் சொன்னானா?... திருட்டுப் பய.

மதியம் சாந்தி பக்கத்துல போய் உட்கார்ந்து உண்மையைச் சொல்லிட்டேன். நாங்க ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கலம்மா.

அது நிமிரவே இல்ல. "தெரியும்ண்ணே. சட்டை முதுகெல்லாம் நெல்லுச் சுணையோட வந்தாரு. ஆஸ்பத்திரியில எங்கண்ணே நெல்லு காயப்போடுறாங்க? நீங்களா ஒரு நாள் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கடை ஷட்டர் இன்னும் பாதியிலயே நின்னுச்சு. எழுந்து போய் இறக்கிட்டு வந்தேன்.

நாளைக்குப் பதினோரு மணிக்கு எடுக்கிறாங்க. கடைக்குப் பின்னாடிதான் வீடு. முடிஞ்சவங்க வாங்க.

போயிட்டு வா கலியா. உன்மேல கோவம் இன்னும் இறங்கல... இறங்கினதும் அழுதுக்கறேன்.