மின்சாரம் நின்றால் கையைத் தூக்கு

கணினித் திரையில் ஓடும் இயந்திரம் யாரையும் கடிக்காது. பொறியியலாளர்களுக்கு அதை அவ்வளவு பிடிப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

போர் நடந்த ஆண்டுகளில் திருகோணமலையில் ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் படிப்பித்தேன். காற்றழுத்தத்தில் இயங்கும் இயந்திரங்களின் சுற்றுகளைக் கணினியில் வரைந்து, திரையிலேயே ஓடவிட்டுப் பார்ப்பது என் பாடம். பொத்தானை அழுத்தினால் நீலக் கோடுகளில் காற்று ஓடும். சிலிண்டரின் தண்டு வெளியே வரும், உள்ளே போகும். உண்மையான சிலிண்டர் ஒன்றுகூட எங்களிடம் இருக்கவில்லை. போரால் அடிக்கடி மூடப்படும் பாதை திறந்தால் வரும் என்றார்கள். பாதை திறந்தால் வரவேண்டியவை அந்த ஊரில் ஏராளம்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழித்தீன் ஆலை. பாலையூற்றில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த என் அண்ணா அங்கேதான் வேலை செய்தார். வெறும் சாக்கின் வாயை இரண்டு இரும்புத் தாடைகளுக்கிடையில் கொடுப்பது அவர் வேலை. தாடை மூடிச் சாக்கைப் பிடிக்கும், மேலிருந்து தீன் கொட்டும், நிறைந்ததும் தாடை திறக்கும். அதுவரை கைப்பிடியால் இயக்கிய தாடையை, மின்சார வால்வு வைத்துக் காற்றழுத்தத்தால் தானாக இயங்கச் செய்ய ஆலை முடிவெடுத்தது. கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் சுற்றை வரைந்து என்னிடம் கொண்டுவந்தார்.

"மிஸ், ஒருக்கா ஓடவிட்டுப் பாருங்கோ."

ஓடவிட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு, எங்கள் ஊர் வழக்கப்படி, நடுவில் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தேன். திறந்திருந்த தாடை ஒரு கணம் நின்று, பட்டென்று மூடியது.

"அது அப்பிடித்தான்," என்றார். "கறண்ட் போகேக்க தாடை திறந்தா தீன் எல்லாம் நிலத்தில கொட்டிப்போகும். அதுதான் வால்வின்ர ஸ்பிரிங்கை மூடுற பக்கமா வைச்சனான். கறண்ட் இல்லாட்டியும் மூடுறதுக்குத் தொட்டியில காத்து இருக்குதுதானே."

"தாடைக்குள்ள ஆரின்ரையும் கை இருந்தா?"

"கறண்ட் போனாப் பிறகு அங்க ஆர் மிஸ் கையை வைக்கப்போகினம்?"

எல்லோரும் வைப்பார்கள். மின்சாரம் போனால் இயந்திரம் செத்துவிட்டது என்றுதான் ஊரே நம்பியது. திறந்த தாடைக்குள் சாக்கும் கையுமாக இருக்கும் அண்ணா, அதனால் கையை எடுக்க அவசரப்படமாட்டார். அதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வேறு வகை வால்வு கொழும்பிலிருந்து வரவேண்டும், வந்ததும் மாற்றலாம் என்றார். அதுவரை இதைப் பொருத்தாமல் வைத்திருக்க ஆலைக்குப் பொறுமை இல்லை.

அண்ணாவிடம் சொன்னபோது சிரித்தார். சொல்லி வேலையில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவசரத்தில் கை மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்காது. ஆகவே கைக்கே பழக்கினேன். சாப்பிடும்போதும் இஸ்திரிப்பெட்டியால் சட்டை மினுக்கும்போதும் அவருக்குத் தெரியாமல் மெயின் சுவிட்சை நிறுத்துவேன். கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கவேண்டும்.

"ஓம் ரீச்சர்," என்று நக்கலடிப்பார். ஒரு கோப்பை உடைந்தது, ஒரு சட்டை கருகியது. போகப்போக, இருட்டானதும் கைகள் தாமாகவே எழும்பின. மின்சாரம் நின்றால் ஊரெல்லாம் அடுத்து என்ன சத்தம் கேட்கப்போகிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். நான் அண்ணாவின் கைகளைப் பார்ப்பேன். மேலே இருக்கும். எனக்கு அது போதும்.

ஒரு முற்பகல், துறைமுகப் பக்கம் குண்டு வெடித்தது. பயிற்சி நிலையத்தின் யன்னல்கள் அதிர்ந்தன, திரைகள் அணைந்தன. மாணவர்கள் மேசைகளுக்குக் கீழே புகுந்தார்கள். கை, கை என்று எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

கைக்கு ஒன்றும் நடக்கவில்லை. தாடை வெறும் சாக்கைத்தான் கடித்தது. சிப்பாய்கள் ஆலைக்குள் ஓடிவந்தபோது எல்லோரும் நிலத்தில் குப்புறக் கிடந்தார்கள். அண்ணா மட்டும் இயந்திரத்தின் முன்னால், யாரும் சொல்லாமலே, சரணடைபவர் போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

வெடிக்கப்போவது உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டு, அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பொறியியலாளரையும் கூட்டிக்கொண்டு, கணினியை ஆட்டோவில் ஏற்றி இராணுவ முகாமுக்குப் போனேன். பயமாக இருந்தது. ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் பேச முடிந்தது. அதிகாரி ஒருவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அண்ணா ஏன் கையைத் தூக்கினார் என்று சொல்லி, சுற்றை ஓடவிட்டு மின்சாரத்தை நிறுத்திக் காட்டினேன். தாடை மூடியது. திரும்பக் காட்டச் சொன்னார். பிறகு தானே பொத்தானை அழுத்தி மூடவைத்தார். அவருக்கு அது பிடித்துப்போனது போலிருந்தது. சின்னப் பிள்ளைகளிடமிருந்து பொம்மையைப் பறிப்பது போல அதை அவரிடமிருந்து பறிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அண்ணாவை விட்டார்கள், ஆனால் உடனே அல்ல. வீட்டுக்கு வந்தவர் உள்ளே என்ன நடந்தது என்று கதைக்கவில்லை. அன்று பின்னேரம் அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. மெழுகுதிரியைக் கொளுத்திப் பார்த்தேன். அவருடைய இரண்டு கைகளும் மேசையில், சோற்றுக்கோப்பையின் இரு பக்கமும், பலகையோடு அழுத்திக் கிடந்தன.

"அண்ணா, கை?"

"இனித் தூக்க ஏலாது பிள்ளை."

நான் பழக்கியதை முகாமில் அழித்து வேறொன்றைப் பழக்கி அனுப்பியிருந்தார்கள். என்னைவிடக் கெட்டிக்கார வாத்திமார்.

வேலைக்குப் போகவேண்டாம் என்று மன்றாடினேன். போகாமல் விட்டால் மறுபடி சந்தேகப்படுவார்கள் என்றார். பொறியியலாளரிடம் ஓடினேன். வால்வு வெளிக்கிட்டுவிட்டதாம், பாதை திறந்ததும் கைக்கு வந்துவிடுமாம். அவர் பொய் சொல்லவில்லை. அது உண்மையிலேயே வந்தது, பிறகு. இதற்கிடையில் ஆலைக்குள்ளே ஒரு காவல் போட்டார்கள். பொதி செய்யும் இடத்தில், அண்ணாவின் இயந்திரத்துக்கு நேரெதிரே, ஒரு சிப்பாய் துவக்கோடு நின்றான்.

அந்த நாட்களில் மின்விசிறி மெதுவாகச் சுற்றினாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். மாணவர்களுக்குத் திரையில் தாடையைக் காட்டவே மனம் வரவில்லை. வேறு பாடம் எடுத்தேன்.

பிறகு ஒரு பகல் மின்சாரம் நின்றது. வெடிச்சத்தம் எதுவும் இல்லை. சும்மா, வழக்கமாக நிற்பது போல. மாணவர்கள் மேசைக்குக் கீழே போகக்கூட இல்லை, சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சற்றுநேரத்தில் ஆலையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினார். அவர் வாயைத் திறக்கமுன் நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஆசுப்பத்திரிக் கட்டிலில் அண்ணா சாய்ந்திருந்தார். வலது கையைச் சுற்றிப் பெரிய கட்டு. பெருவிரல் மட்டும் வெளியே தெரிந்தது. மற்றவை இல்லை என்று தாதி வாசலிலேயே சொல்லியிருந்தார். நான் அழத் தொடங்க, அண்ணா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்த ஆமிக்காரன் என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவன்," என்றார் மெதுவாக. "கறண்ட் போனாப் பிறகும் சாக்கை எடுக்கிற மாதிரிக் கையை உள்ளுக்குள்ளேயே வைச்சிருந்தனான். ஆடேல்லை, அசையேல்லை. நான் கையைத் தூக்கேல்லை, பிள்ளை."

சொல்லிவிட்டு, நான் சரி என்று சொல்வதற்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.